துப்பாக்கி யார் பெயரில்?

பெண் கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் அவளைத் தொட எவனுக்குத் துணிச்சல் வரும் என்று ஒவ்வொரு பாலியல் வன்கொடுமைக்குப் பிறகும் யாராவது கேட்கிறார்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்ததற்குப் பிறகும் கேட்டார்கள். 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. எடை அரைக் கிலோ, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய், வைத்துக் கொடுக்க நகைப்பெட்டி போல ஒரு பெட்டி. அம்பாசமுத்திரத்தில் பீடி சுற்றும் பெண் அந்தத் தொகைக்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை போலும்.

இப்படிக் கேட்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே நடந்ததையே பார்ப்போம். வாஷிங்டன் நகரம் 1976இல் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டது. 2003இல் ஆறு பேர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். முதல் பெயர் ஷெல்லி பார்க்கர். கறுப்பினப் பெண். தன் பகுதியில் போதைப்பொருள் விற்றவர்களை எதிர்த்ததற்காக மிரட்டப்பட்டவர். வழக்கே அவர் பெயரில்தான் நடந்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லாது என்றது. கூடவே, வழக்காடும் தகுதி ஆறு பேரில் ஒருவருக்கே உண்டு என்றும் சொன்னது. அவர் டிக் ஹெல்லர். வேலையில் துப்பாக்கி ஏந்தும் காவலர். வீட்டிலும் வைத்துக்கொள்ள விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். மறுப்புச் சீட்டு வைத்திருந்த ஆண் உள்ளே, மிரட்டப்பட்ட பெண் வெளியே. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம்; அந்தச் சரிதான் எனக்கு உறுத்துகிறது. பெண்ணின் பயத்தை முன்னே நிறுத்தித் தொடங்கிய வழக்கு 2008இல் உச்ச நீதிமன்றத்தில் ஆணின் பெயரால் 5-4 என்று வென்றது.

தீர்ப்பை எழுதிய ஸ்கேலியா சொன்ன நியாயங்களைப் பாருங்கள். உடல்வலு குறைந்தவர்களும் கைத்துப்பாக்கியைத் தூக்கலாம். ஒரு கையால் திருடனைக் குறிபார்த்து மறுகையால் போலீசுக்குப் போன் போடலாம். அவர் கண்ணுக்குத் தெரிந்தது வெளியிலிருந்து வரும் திருடன். ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகள் அதே வழக்கில் மனுப் போட்டிருந்தன. பெண் சட்டமன்ற உறுப்பினர்களும் கல்வியாளர்களுமாக 126 பேர் ஹெல்லர் பக்கம் நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காதலியைத் தாக்கித் தடையாணை வாங்கியவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என அந்த நீதிமன்றம் சொன்னது 2024இல்தான்.

நமக்கு அப்படியோர் ஆயுத உரிமை கிடையாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2023இல் நினைவூட்டியது. நல்லது. ஆனால் தாமிரபரணிக் கரையில் சாதி மாறிக் காதலித்தவர்களை வெட்ட எவனும் லைசென்சுக்காகக் காத்திருப்பதில்லை. விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே செய்த கருவி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதமே அல்ல. அரிவாள் கதவுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. எடுப்பவன் அண்ணன், அப்பா, சித்தப்பா. அந்த வீட்டுக்குள் துப்பாக்கியும் வந்தால் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கும்? அவள் பெயரிலேயே இருக்கட்டும், பீரோச் சாவியும் அவள் இடுப்பிலேயே தொங்கட்டும். திறக்கச் சொல்கிறவன் யார்?

குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு 2006இல் வந்த விதிகளில் பத்தாவது விதி, நடுவர் உத்தரவிட்டால் வன்முறையில் பயன்பட்ட ஆயுதத்தைப் போலீஸ் துணையோடு பறிமுதல் செய்வதைப் பாதுகாப்பு அலுவலரின் கடமையாக்குகிறது. துப்பாக்கி என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. மனு எழுதும் தோழிகளே, அரிவாள் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். எந்த அறையில், எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதையும் சேர்த்து.