பட்டும் பட்டறிவும்

‘கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் தண்டு நேர் மின்னூட்டம் பெறும்.’ பள்ளி நாள் தொட்டு நாம் எழுதிவரும் வரி இது. பெரிய காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் பிறந்த நானும் இதைப் பலமுறை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால், வீடு நிறையப் பட்டிருந்தும் அண்மைக்காலம் வரை ஒருநாளும் தேய்த்துப் பார்த்ததில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மின்னியல் வரலாற்றில் பட்டுக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தில் சாயத் தொழில் செய்துவந்த ஸ்டீபன் கிரே என்பவர், 1729-ஆம் ஆண்டு மின்னூட்டத்தை நெடுந்தொலைவு செலுத்த முயன்றார். நீண்ட கயிற்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டபோது மின்னூட்டம் மறுகோடிவரை சென்றது. பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தபோது, அதற்குப் பதிலாக உலோகக் கம்பியைக் கட்டினார். மின்னூட்டம் மறுகோடியை எட்டவில்லை. கம்பி வழியே கசிந்துவிட்டது. கடத்தி எது, கடத்தாப் பொருள் எது என்னும் பாகுபாடு இவ்வாறு தெளிவாயிற்று. அவ்விரண்டையும் நம் ஊர்த் தூய சரிகை ஓர் இழையிலேயே தாங்கி நிற்கிறது: உள்ளே பட்டு, வெளியே வெள்ளியும் பொன்னும்!

இனி நிலைமின் தூண்டலுக்கு வருவோம். ஒரு பித்தளைச் சொம்பை மெழுகுக் கட்டியின்மேல் வையுங்கள். அதன் விளிம்பில் மெல்லிய அலுமினியத் தாளின் இரு கீற்றுகளைச் சேர்த்துத் தொங்கவிடுங்கள். தேய்த்த தண்டைச் சொம்பின் எதிர்ப்பக்கம், தொடாமல் அருகே பிடியுங்கள். எலக்ட்ரான்கள் தண்டை நோக்கி நகரும்; கீற்றுகளில் நேர் மின்னூட்டம் தோன்றி அவை விலகும். அந்நிலையில் சொம்பை விரலால் தொட்டால், நம் உடல் வழியே எலக்ட்ரான்கள் சொம்பில் ஏறும், கீற்றுகள் ஒடுங்கும். முதலில் விரலையும் பிறகு தண்டையும் அகற்றினால் கீற்றுகள் மீண்டும் விரியும். சொம்பு எதிர் மின்னூட்டம் பெற்றுவிட்டது. தண்டோ தன் மின்னூட்டத்தில் எள்ளளவும் கொடுக்கவில்லை!

விரல் இருக்கும்போதே தண்டை எடுத்துவிட்டால், வந்த எலக்ட்ரான்கள் விரல் வழியே திரும்பிவிடும். மனப்பாடம் செய்தவர் தேர்வில் தடுமாறுவது இந்த வரிசையில்தான். நான் முதன்முறை செய்தபோது தண்டைத்தான் முந்தி எடுத்தேன், கீற்றுகள் அசையவில்லை. அந்தத் தோல்வி கற்பித்ததை எந்தக் குறிப்பேடும் எனக்குக் கற்பிக்கவில்லை.

காற்றின் ஈரத்தில் இச்சோதனை வராது என்பர் சிலர். உண்மைதான், கண்ணாடியில் படியும் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடும். தண்டையும் பட்டையும் நல்ல வெயிலில் உலர்த்தி உடனே செய்தால் பலன் கிட்டும். கருவி இல்லை என்பதோ வெறும் சாக்கு. சொம்பு இல்லாத வீடு உண்டா? பட்டுத் துண்டு கிடைக்காத தெருவா நம் தெரு?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல் சோதனை மேசையில் தொடங்குங்கள். நெய்பவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டு என்பதைப் பாடநூலின் அந்நியச் சொல்லாகப் படிப்பது முறையன்று. தோழர்களே, பட்டு நம் கையில் இருக்கிறது. பட்டறிவையும் நம் கையாலேயே பெறுவோம்!