கைதட்டல் ஓய்ந்த பிறகு

கரோனாவின் முதல் ஆண்டில் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. தலித்துகளே பெரும்பாலும் செய்துவரும் துப்புரவுப் பணியில் அந்தச் சுமை வேறு மாதிரி இறங்கியது.

2020 மார்ச் 22 மாலை நாடே கைதட்டியது. தமிழகத்தில் துப்புரவுப் பணியாளர் ‘தூய்மைப் பணியாளர்’ ஆனார். மாலை போட்டார்கள், சில ஊர்களில் பாதபூஜைகூட நடந்தது. ஒப்பந்த வேலை ஒப்பந்த வேலையாகவே இருந்தது. தொற்று வந்த வீட்டுக் குப்பையை அள்ளிவிட்டு, பிள்ளைகளைத் தொடப் பயந்து ஒற்றை அறைக்குத் திரும்பியவர் எங்கே தனித்திருப்பார்?

போதாததற்கு ‘சமூக இடைவெளி’ என்ற சொல். தலைமுறைகளாக அதை அனுபவித்தவர் காதில் அது மருத்துவச் சொல்லாகவா விழுந்திருக்கும்?

இப்போது மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. நல்லதுதான். ஆனால் விடியலில் வருகைப்பதிவு நடக்கும் இடத்துக்கே மாவட்ட மனநலத் திட்டக் குழு வர வேண்டும். நாளை வேலை உண்டா என்ற கவலைக்கு மட்டும் அவர்களிடமும் மருந்தில்லை. பணி நிரந்தரம் கேட்டு இன்றும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.