வாகனக் கொட்டிலுக்கு எந்தத் தரை?



சென்ற இதழுக்குப் பின் வந்த கடிதங்களில் ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த சகோதரி. கணவர் கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கையிலிருந்த பணத்தில் ஒரு பழைய காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கியாகிவிட்டது. வீட்டின் பக்கவாட்டில் 10 அடி அகலமும் 18 அடி நீளமுமாகக் கொட்டில் போட்டு, கூரைத் தகடும் ஏற்றிவிட்டார்கள். தரை மட்டும் மீதம்.

"உள்வீட்டுக்குப் போட்ட அதே பளபளப்பான டைல்ஸையே இங்கும் போடுவோம் என்கிறார் இவர். கடைக்காரர் எப்பொக்சி பூசச் சொல்கிறார். மாமி அந்த வழியாகத்தான் குளியலறைக்குப் போய் வருகிறார். மிச்சமிருக்கும் பணம் ஒரு தடவை செலவழிக்கத்தான் போதும். எதைப் போடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை வாசித்து முடித்ததும் மாமியின் ஞாபகம்தான் எனக்கு வந்தது. எமது வீடுகளில் வாகனக் கொட்டில் வாகனத்துக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. மாரி காலத்தில் உடுப்புக் காய்வது அங்கேதான். நெல் மூட்டை இறங்குவதும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டப் பழகுவதும், சிலருக்குத் தையல் இயந்திரம் இருப்பதும் அங்கேதான். ஆகவே தரையைத் தெரிவு செய்யுமுன் இரண்டு விடயங்களைப் பார்க்கவேண்டும். அதன்மேல் என்னென்ன சிந்தப் போகிறது? ஈரக் காலுடன் அதில் யார் நடக்கப் போகிறார்கள்? நிறமும் பளபளப்பும் அதற்குப் பிறகுதான்.

சிந்தப் போவது முதலில் எஞ்சின் ஒயில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இந்த ஐந்து வருடத்தில் ஊரில் ஓடிய வாகனங்களுக்கெல்லாம் வயது ஏறிவிட்டது. பழைய வாகனம் ஒயில் சொட்டத்தான் செய்யும். அடுத்தது பற்றரி அசிட். இது கந்தக அமிலம், சீமெந்தை அரித்துவிடும். அதன்பின் மழைத் தண்ணீர், டயரோடு வரும் மணல், எப்போதாவது பெற்றோல்.

இனி டைல்ஸுக்கு வருவோம். உள்வீட்டு டைல்ஸின் மினுக்கம் கண்ணாடி போன்ற மேற்பூச்சினால் வருவது. அதில் தண்ணீர் நின்றாலே வழுக்கும். தண்ணீரோடு ஒரு சொட்டு ஒயில் சேர்ந்தால் இளம் பிள்ளைகளுக்கே கால் நிற்காது. வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வைத்தியசாலை, சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை என்று போகும். பலர் முன்போல நடப்பதே இல்லை. அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் நிற்கப்போவது டைல்ஸ் தெரிவு செய்தவர் அல்ல, மருமகள்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

டைல்ஸ்தான் வேண்டும் என்றால் கடையில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஜேர்மனியில் உருவான ஒரு சோதனை முறையில், ஒயில் பூசிய சாய்வுத் தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, அவர் வழுக்கும் வரை சாய்வைக் கூட்டுவார்கள். எந்தச் சாய்வு வரை கால் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் கொடுக்கப்படும். இலக்கம் கூடக் கூட வழுக்கல் குறைவு. கொட்டிலுக்கு ஆர் 11 கேளுங்கள். பெட்டியிலோ விபரத் தாளிலோ அது இருக்கவேண்டும். "இது வழுக்காது அக்கா" என்ற வாய்வார்த்தை கணக்கில் சேராது.

டைல்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில மேசன்மார் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் சாந்து உருண்டை வைத்து டைல்ஸை அழுத்திவிடுவார்கள். அடியில் வெற்றிடம் இருக்கும். ஆள் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. காரைத் தூக்க ஜக் வைக்கும் நாளில்தான் 'டக்' என்று வெடிக்கும். பதித்த டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெறும் பானை போலச் சத்தம் வந்தால், கூலி கொடுக்குமுன் கழற்றி மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள்.

எப்பொக்சி நல்ல பொருள்தான். தொழிற்சாலைகளில் அது படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பிசின் ஒரு வாளியிலும், அதை இறுக்கும் திரவம் இன்னொரு வாளியிலுமாக வரும். கலந்தபின் குறித்த நேரத்துக்குள் பூசி முடிக்கவேண்டும். காய்ந்தால் ஒயில் உள்ளே இறங்காது, துடைத்தால் போய்விடும். ஆனால் அது நிலைப்பது அடியிலுள்ள கொங்கிறீட்டைப் பொறுத்தது. புதுக் கொங்கிறீட் குறைந்தது 28 நாள் முற்றவேண்டும். மேற்பரப்பை இயந்திரத்தால் தேய்த்தோ அசிட் ஊற்றியோ சொரசொரப்பாக்கவேண்டும். அடியிலிருந்து ஈரம் வரவே கூடாது. கரையோர மணல் நிலத்தில், கார்த்திகை மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும் ஊரில், இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினம்.

பழைய தரையில் ஈரம் இருக்கிறதா என்று அறியச் செலவில்லாத வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமாகத் தடித்த பொலித்தீன் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளியின்றி டேப் ஒட்டித் தரையில் விடுங்கள். ஓர் இரவு கழித்துப் பிரித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அந்தத் தரைக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். இதை மாரியில் செய்யுங்கள். கோடையில் செய்தால் தரை நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

சாதாரணத் தரைப் பெயின்ட் மலிவு என்று பூசுபவர்கள் உண்டு. ஓடி வந்த வாகனத்தின் டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பெயின்ட் இளகி டயரோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வாகனம் நகரும்போது உரிந்துவரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பச்சைத் தரையின் நடுவே டயர் நின்ற நான்கு இடங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. அடி சரியாகத் தயார்ப்படுத்தாத எப்பொக்சிக்கும் இதே கதிதான். வெயில் விழும் இடத்தில் எப்பொக்சி மஞ்சளாகியும் போகும். எப்படியும் பூசுவதென்றால் பூச்சு காயுமுன் மேலே சலித்த மணல் தூவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதுவும் டைல்ஸ் போல வழுக்கும். அசிட் பாவிக்கும்போது பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். அசிட்டைத் தண்ணீரில் ஊற்றவேண்டும். தண்ணீரை அசிட்டில் ஊற்றக்கூடாது.

இறப்பர் விரிப்பு எமது நாட்டிலேயே தயாராவது என்பதால் எனக்கு அதில் ஒரு பாசம் உண்டு. காலுக்கு மெத்தென்று இருக்கும், வழுக்காது. ஆயினும் இயற்கை இறப்பருக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் ஒத்துவராது. ஒயிலில் ஊறினால் அது உப்பி, இளகி, உரு மாறிவிடும். தையல் இயந்திரத்தின் முன் போடலாம், எஞ்சினுக்குக் கீழே வேண்டாம். வாரம் ஒரு தடவை தூக்கி அடியைக் காயவிடவும் வேண்டும்.

பூட்டுக்கல் எனப்படும் இன்டர்லொக் கற்கள் முற்றத்துக்குச் சிறந்தவை. காருக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பு போதும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். மழைத் தண்ணீர் இடுக்கு வழியே நிலத்துக்குள் போகும். கொட்டிலுக்கு நான் அதை வேண்டாம் என்பதும் அதே காரணத்தால்தான். தண்ணீர் போகும் வழியில் ஒயிலும் போகும். மணல் நிலத்தில் கீழே இருப்பது நாம் குடிக்கும் கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் ஒயில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என 2019 இல் தீர்ப்பானது. அது பெரிய அளவில் நடந்தது. வீட்டுக் கொட்டிலில் சொட்டுவது சிறிதுதான். ஆனால் அது எமது சொந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் சொட்டுகிறது.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது வெறும் கொங்கிறீட் தரை. எங்கள் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. 2009 இல் போட்டது, இன்றுவரை ஒரு மூலைகூடப் பெயரவில்லை. ஒயில் பட்டால் கறை பிடிக்கும், அழகு கெடும். ஆனால் தரை கெடாது. டைல்ஸுக்கும் பூச்சுக்கும் வைத்திருக்கும் பணத்தை இந்தக் கொங்கிறீட்டை ஒழுங்காகப் போடுவதில் செலவழியுங்கள்.

முதலில் நிலத்தை நன்றாக இடித்து இறுக்கவேண்டும். அதன்மேல் தடித்த பொலித்தீன் விரிக்கவேண்டும். கீழிருந்து வரும் ஈரத்தை மறிப்பது இதுதான். மேசன் "தேவையில்லை" என்பார். தேவை. அதன்மேல் கம்பி வலை வைத்து 4 அங்குலத் தடிப்பில் கொங்கிறீட். வலை பொலித்தீனில் படுத்துக் கிடந்தால் பயனில்லை. சிறு கல் வைத்து உயர்த்தவேண்டும். கழுவாத கடல் மணல் கலக்க விடாதீர்கள். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து தரையை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும்.

சாய்வு அடிக்குக் கால் அங்குலம். வழமையாக வாசல் பக்கம் சாய்ப்பார்கள். இந்த வீட்டில் மாமி நடக்கும் பாதை வீட்டுச் சுவர் ஓரமாக இருப்பதால், சுவர்ப் பக்கம் உயர்ந்து வேலிப் பக்கம் தாழட்டும். 10 அடிக்கு இரண்டரை அங்குலம் இறக்கம் வரும். தண்ணீரும் சிந்தியதும் மறுபக்கம் ஓடிவிடும். சுவர் ஓரம் காய்ந்தே இருக்கும். காரை வேலிப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, சுவர் ஓரம் 3 அடியை எப்போதும் வெறுமையாக வைத்திருங்கள். மோட்டார் சைக்கிளை அங்கே சாத்த விடவேண்டாம்.

மேற்பரப்பை மட்டப்பலகையால் இழுத்தபின், மேசன் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்க வருவார். தொழில் திறமையைக் காட்டும் இடம் அதுதான் என்பதால் அவரைத் தடுப்பது கொஞ்சம் சங்கடம். இருந்தாலும் தடுங்கள். ஈரம் இருக்கும்போதே ஈர்க்குமாற்றால் ஒரே திசையில் மெல்ல இழுத்தால் மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகள்தான் காலைப் பிடிக்கும். 18 அடி நீளத்தை இரண்டாகப் பிரித்து, நடுவே 1 அங்குல ஆழத்தில் ஒரு வெட்டு விடச் சொல்லுங்கள். கொங்கிறீட் காயும்போது சுருங்கும். சுருங்கி வெடிப்பதென்றால் அந்த நேர்கோட்டிலேயே வெடிக்கட்டும்.

பிறகு செய்யவேண்டியது முழுக்க எங்கள் கையில். மறுநாளிலிருந்து ஏழு நாள், சாக்கு விரித்து, காயவிடாமல் தண்ணீர் ஊற்றவேண்டும். மேசன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். வெயிலோ காலையிலேயே வந்துவிடும். தரையின் பலத்தில் பெரும்பங்கு இந்த ஏழு நாளில்தான் சேர்கிறது. காரை 28 நாள் கழித்து ஏற்றுங்கள்.

கொட்டில் தரை உள்வீட்டுத் தரையைவிட 4 அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து வரும். படி அதை உள்ளே வராமல் கொஞ்சம் மறிக்கும். 2022 இன் வரிசைக் காலத்தில் கேனில் பெற்றோல் வைத்துப் பழகிய வீடுகள் இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பெருநாள், கலியாணம் என்று பெரிய பானை ஏற்றுவதும் இதே கொட்டிலில்தான். இரண்டையும் ஓரிடத்தில் வைக்கவேண்டாம். படி இருந்தால் மாமிக்குத் தடுக்குமே என்று கேட்பீர்கள். படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்து, சுவரில் பிடித்து இறங்க ஒரு குழாய்க் கம்பி பொருத்தி, மேலே இரவில் எரியும் ஒரு பல்பும் போடுங்கள். டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் இது ஒரு சிறு பகுதிதான்.

ஒயில் சொட்டும் இடத்தில் பழைய தகரத் தட்டொன்றில் மரத்தூள் போட்டு வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றாமல் மரத்தூளோ உலர்ந்த மணலோ தூவி, ஊறவிட்டுக் கூட்டி எடுத்து, கடைசியாகச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேயுங்கள். பற்றரி அசிட் பட்டால் அப்பச்சோடா தூவுங்கள். நுரைத்து அடங்கியபின் கழுவலாம். பெற்றோல் சிந்தினால் தீக்குச்சி, சுவிட்ச் எதையும் தொடாமல் காற்றோட விடுங்கள். மாற்றிய ஒயிலைக் கானில் ஊற்றாமல் போத்தலில் அடைத்து, வாகனம் திருத்தும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

கணவருக்கு டைல்ஸ் ஆசை தீரவில்லையென்றால், கொட்டிலின் முன்சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பதிக்கச் சொல்லுங்கள். சேறு தெறிக்கும் இடம் அது. துடைக்கவும் சுகம், வருபவர் கண்ணிலும் படும்.

தண்ணீர்த் தாங்கி கழுவுவது பற்றிக் கேட்ட மூன்று சகோதரிகளுக்கும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.