கறை கெடுத்ததா, நான் கெடுத்தேனா?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா எனக்கு ஒரு தோல் பை கொடுத்தார். கடையில் வாங்கியது இல்லை. அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பகுதியில் வேலை பார்க்கிறார், இருபது வருஷத்துக்கு மேல். ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்துப் போட்ட தோலில் நல்ல பாகமாகப் பார்த்து வாங்கி, தையல் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். வெளிர் பழுப்பு நிறம். என் வகுப்பில் பலர் "எங்கே வாங்கினே?" என்று கேட்ட பை அது. கேட்டவர்கள் இதைப் படித்தால் கை தூக்கவும் :-)

போன செமஸ்டரில் மூடி போடாத பால்பாயிண்ட் பேனா ஒன்று அந்தப் பையின் மடிப்பில் மாட்டிக்கொண்டது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நீலக் கறை. அவ்வளவுதான். ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. அறைத்தோழி சொன்னாள், "நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டா போயிடும்." இணையத்திலும் ஒரு வீடியோ அதையே சொன்னது. பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சில் நீலம் வந்தது. ஆஹா என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். அடுத்த பஞ்சில் பழுப்பு வந்தது. நிறுத்தியபோது நாணயம் அளவு கறை போய், உள்ளங்கை அளவுக்குத் தேமல் மாதிரி வெளுத்த திட்டு ஒன்று நின்றது. நடுவில் நீலமும் மங்கலாக அப்படியே இருந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். தோல் பொருட்களைக் கறை கெடுப்பதை விட, கறையை எடுக்கிறேன் என்று கிளம்பும் நம் அவசரம்தான் அதிகம் கெடுக்கிறது. அந்த அவசரத்தில் பாதிப் பழி நம் மேல். மீதிப் பாதி, என்ன தோல் என்றே சொல்லாமல் நமக்கு விற்பவர்கள் மேல்.

தோல் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கறை விஷயத்தில் அது குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள். முதல் வகைக்கு அனிலின் தோல் என்று பெயர். சாயம் மட்டும் ஏற்றியது, மேலே பூச்சு இருக்காது அல்லது பெயருக்கு இருக்கும். தோலின் துளைகள் கண்ணுக்குத் தெரியும். விலை அதிகம். தண்ணீர், எண்ணெய், மை எது பட்டாலும் குடித்துவிடும். இரண்டாவது, நிறமிப் பூச்சு அடித்த தோல். நிறமியையும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பிசினையும் கலந்து ஸ்ப்ரே செய்து, அதன் மேல் பாதுகாப்பாக ஒரு லாக்கர் பூச்சும் அடிப்பார்கள். நாம் தினமும் தூக்கும் பைகளில், சோபாக்களில் பெரும்பாலும் இதுதான். கறை சட்டென்று உள்ளே போகாது. மூன்றாவது, நுபக், ஸ்வேட் மாதிரி தேய்த்து மயிரிழை எழுப்பிய ரகங்கள். தொட்டால் பட்டு, கறை பட்டால் தலைவலி.

உங்கள் பை எந்த வகை? கண்டுபிடிக்க லேப் வேண்டாம். வெளியே தெரியாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிஷத்தில் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சு இல்லாத தோல். முத்து மாதிரி நின்றால் பூச்சு உள்ளது. இந்தச் சொட்டுச் சோதனையை நான் பை வந்த முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

என் பை பூச்சு அடித்தது. அதனால்தான் அசிட்டோன் அதைக் கொன்றது. நெயில் பாலிஷ் என்பதே ஒரு லாக்கர்தான். அதைக் கரைக்கும் திரவம் பையின் மேலிருக்கும் லாக்கரை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? இதை யோசிக்க வேதியியல் பட்டம்கூடத் தேவையில்லை. ஆனாலும் நான் யோசிக்கவில்லை. 2020-இல் கொரோனா நேரத்தில் கைப்பை, பர்ஸ், வாட்ச் பட்டை எல்லாவற்றையும் சானிடைசர் போட்டுத் துடைத்தோமே, அதிலும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். ஆல்கஹால் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவே வித்தியாசம்.

சரி, வீட்டு வைத்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோப்பு. குளியல் சோப்பும் துணி சோப்பும் காரத்தன்மை உள்ளவை, பி.எச். 9, 10 என்று இருக்கும். பதனிட்ட தோலோ அமிலப் பக்கம், சுமார் 3.5 முதல் 5 வரை. தோலுக்குள் சாயமும் எண்ணெயும் நிற்பதே அந்த அமில நிலையில்தான். திரும்பத் திரும்ப சோப்பு போட்டால் சாயம் கழன்று, தோல் விறைத்து, கடைசியில் வெடிக்கும். பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசுவதும் இதே கதை. டூத் பேஸ்ட்டில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்தூள் இருக்கிறது. அது பூச்சைச் சிராய்க்கும். ஹேர் ஸ்ப்ரேயில் இருப்பது ஆல்கஹால், மேலே சொன்னதே. தேங்காய் எண்ணெய் நம் ஊரின் சர்வரோக நிவாரணி. ஆனால் பூச்சில்லாத தோலில் தேங்காய் எண்ணெய் என்பதே ஒரு புதுக் கறை. கறுத்துப் போகும், தூசியை இழுக்கும்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? கறைக்குக் கறை வேறுபடும். ஆனால் முதல் விதி எல்லாவற்றுக்கும் ஒன்று: ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறை பரவும், உள்ளேயும் இறங்கும்.

எண்ணெய் பட்டால் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, சோள மாவோ முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரோ குவித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மெதுவாகத் தட்டிவிடுங்கள். மிச்சம் கொஞ்சம் தெரிந்தாலும் விட்டுவிடலாம். தோலுக்குள் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது, பதனிடும்போதே ஏற்றுகிறார்கள். அதனால் சின்ன எண்ணெய்த் துளி நாளடைவில் நார்களுக்குள் பரவித் தானாகவே மங்கிப் போவது உண்டு. பொறுமைதான் மருந்து.

தண்ணீர்க் கறை வேடிக்கையானது. மேஜையில் சிந்திய காபி காயும்போது ஓரத்தில் மட்டும் வளையம் கட்டுமே, அதே மாதிரி சொட்டு காயும்போது உள்ளே கரைந்ததை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிடும். வளையத்தை மட்டும் துடைத்தால் இன்னொரு வளையம்தான் வரும். சரியான வழி, ஈரத் துணியால் ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை அந்தப் பாகம் முழுவதையும் லேசாகவும் சமமாகவும் ஈரமாக்கி நிழலில் காய விடுவது. ஹேர் டிரையர் கூடாது, வெயில் கூடாது. ஈரத் தோலும் சூடும் சேர்ந்தால் தோல் சுருங்கி விறைக்கும்.

மை. இதில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூச்சடித்த தோலில் சில நிமிஷங்களுக்குள் பார்த்தால், ஒற்றியும் தோலுக்கென்றே விற்கும் மென்மையான கிளீனரைத் தொட்டும் ஓரளவு எடுக்கலாம். ஊறிய பிறகு வீட்டில் எடுக்க முடியாது. பூச்சில்லாத தோலில் பட்டால் அந்த நிமிஷமே அது உங்கள் பையின் மச்சம். ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜீன்ஸ் நீலம். வெளிர் நிறப் பை வைத்திருக்கும் தோழிகள் கவனிக்க. டெனிமில் இருக்கும் இண்டிகோ பஞ்சு நூலோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை, நூலின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வியர்வையும் உரசலும் சேர்ந்தால் பைக்கு மாறிவிடும். புது ஜீன்ஸை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு அந்தப் பையைத் தோளில் மாட்டுங்கள். வாரம் ஒரு முறை லேசான ஈரத் துணியால் துடையுங்கள். படிந்து வாரக்கணக்கான பிறகு எடுப்பது கஷ்டம்.

பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை விடுதி அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தோல் பையை பாலிதீன் கவரில் சுற்றி பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைக்கிற மாதிரி. பருத்தித் துணிப் பையில் போட்டு, உள்ளே செய்தித்தாள் திணிக்காமல் (அச்சு மை ஒட்டும்) வெள்ளைத் தாள் திணித்து, காற்று படும் இடத்தில் வையுங்கள். வந்துவிட்டால் அறைக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள். உள்ளேயே தட்டினால் பூஞ்சை விதைகள் அடுத்த செருப்புக்குக் குடிபோகும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் கறுப்புப் புள்ளி விழும். அழுக்கு என்று நினைப்போம், ஆனால் அது மை. கடுக்காயின் டேனினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் பிறக்கும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதே இப்படித்தான். அந்தத் தோலில் துருப்பிடித்த குண்டூசி, சாவிக்கொத்து வைக்காதீர்கள். தடுப்பு அவ்வளவுதான்.

இவ்வளவையும் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும். இதையெல்லாம் ஏன் நாமே தேடிப் படிக்க வேண்டும்? அதுதான் என் கேள்வியும்.

முந்நூறு ரூபாய் சட்டையின் கழுத்தில் ஒரு துண்டு லேபிள் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி என்று படம் போட்டிருக்கும். எப்படித் துவைக்க வேண்டும், பிளீச் போடலாமா, எவ்வளவு சூட்டில் தேய்க்கலாம் என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதற்கு ஐ.எஸ்.ஓ. 3758 என்று உலகத் தரமே உண்டு. பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் தோல் பையில் என்ன இருக்கிறது? 'அசல் தோல்' என்று ஒரு முத்திரை. நான் பார்த்த பைகளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சில விலையுயர்ந்த பைகளோடு ஒரு அட்டை வரும். அதில் 'தண்ணீர், வெயில், எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருக்கும். பையைப் பூஜை அறையில் வைத்துக்கொள் என்று சொல்வதற்குப் பதிலாக அப்படி எழுதியிருக்கிறார்கள்!

செய்ய முடியாத காரியமா இது? ஐரோப்பாவில் 1994-லேயே காலணிகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள். மேல்பாகம், உள்புறம், அடிப்பாகம் ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று படமாகவோ எழுத்தாகவோ காட்ட வேண்டும். பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் சும்மா 'தோல்' என்று சொல்லக் கூடாது, 'பூச்சிட்ட தோல்' என்று தனியாகக் காட்ட வேண்டும். அது பராமரிப்புக்காக வந்த விதி இல்லைதான். ஆனால் பூச்சைப் பற்றி வாங்குபவரிடம் சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி. பைக்கும் பர்ஸுக்கும் மூன்றே படம் போதும்: பூச்சு உண்டு, பூச்சு இல்லை, இழை எழுப்பியது. அதற்குக் கீழே அசிட்டோன் பாட்டிலைக் குறுக்கே அடித்து ஒரு படம். என் பை பிழைத்திருக்கும்.

"பணக்காரர் பிரச்சினை, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒரு நண்பன் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பாலாற்றங்கரையில் வளர்ந்தவள். எங்கள் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு படுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை அழுத்திச் சொன்னது. ஒரு தோல் உருவாக எவ்வளவு தண்ணீர், உப்பு, குரோமியம் செலவாகிறது என்பது எங்கள் ஊர்க் கிணறுகளுக்குத் தெரியும். அவ்வளவு விலை கொடுத்து உருவான ஒரு பொருள் இருபது வருஷம் உழைக்க வேண்டும். ஒரு துளி மைக்குப் பயந்து, தப்பான பாட்டிலை எடுத்து, இரண்டே வருஷத்தில் அதைக் குப்பைக்கு அனுப்பினால், அந்த ஆறு கெட்டதற்கும் அர்த்தமில்லாமல் போகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லேபிள் இருந்தாலும் யார் படிப்பார்கள்? சட்டை லேபிளையே நாம் குத்துகிறது என்று வெட்டிப் போடுகிறோம். சரிதான். ஆனால் கறை பட்ட அன்றைக்குப் படிப்போம். கை நடுங்கிக்கொண்டு நான் வீடியோ தேடிய அந்த ஐந்து நிமிஷத்தில், பைக்குள்ளேயே பதில் தைத்திருந்தால் கட்டாயம் படித்திருப்பேன்.

அப்பாவிடம் ஒரு மாதம் மறைத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையைத் திருப்பி மாட்டிக்கொண்டுதான் வாசலில் இறங்கினேன். அவர் வாங்கி வைக்கும்போது விரல் பட்டதுமே கேட்டார், "அசிட்டோன் போட்டியாம்மா?" பதில் சொல்லவில்லை. "மை இருந்தா இருந்துட்டுப் போவுது. அது மேல ஆறு கோட் அடிச்சிருக்கோம். ஆறையும் எடுத்துட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவரே வண்ணம் கலந்து அடித்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் அந்த இடம் தெரியும். நீலம் இன்னும் அடியில் இருக்கிறது.

அடுத்த முறை தோல் பொருள் வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது பூச்சு அடிச்சதா, அடிக்காததா?" அநேகமாக அவருக்குத் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் விசாரிப்பார். நூறு பேர் கேட்டால் லேபிள் வரும் என்று நம்புகிறேன்.

பி.கு: அறைத்தோழிக்கு ஒரு வார்த்தை. உன் மேல் கோபம் இல்லை. ஆனால் உன் வெள்ளை ஹேண்ட்பேக்கில் ஜீன்ஸ் நீலம் ஏறிக்கொண்டிருக்கிறது, கவனித்தாயா?