கல்விக்கு இடும் முதல்

தேனியினின்று கம்பம் நோக்கிச் செல்வார், வழியின் இருமருங்கும் நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுங் கண்டு உள்ளங் குளிர்வர். இவ்வளம் மழையால் மட்டும் வந்ததன்று. மேற்கடல் நோக்கி ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கின் அருமுயற்சியும், அதற்கு அரசாங்கம் இட்ட பொருளுமே இதற்குக் காரணமாம். 1887இல் தொடங்கிய அவ்வணை வேலை 1895இல் நிறைவெய்திற்று. அதுகாறும் பெரியாற்று நீர் ஒரு துளியும் நம் வயலுக்கு வரவில்லை. ஆயினும், இட்ட பொருள் வீணாயிற்றென்று இன்று உரைப்பார் யாருமிலர். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் ஏறத்தாழ 14,700 ஏக்கர் நிலம் அந்நீரால் இருபோகம் விளைகின்றது.

அணைக்கு இட்ட பொருளை ‘முதல்’ என்று போற்றும் நாம், பள்ளிக்கூடத்திற்கு இடும் பொருளைச் ‘செலவு’ என்று கூறுவது எம்முறை? 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தைத் தருமம் என்று மட்டும் எண்ணுதல் பிழை. அச்சோற்றை உண்டு எழுத்தறிந்த பிள்ளைகளே, வளர்ந்தபின் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து நாட்டின் செல்வத்தைப் பெருக்கினர். 1953இல் போர் ஓய்ந்தபொழுது வறுமையுற்றிருந்த தென்கொரியாவும் தொடக்கக் கல்வியை யாவர்க்கும் உரியதாக்கிய பின்னரே தொழில்வளத்தில் ஓங்கிற்று.

“கற்றவர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகின்றனர், நம் பள்ளத்தாக்குக்கு வந்த ஊதியம் யாது?” என்று வினவுவாரும் உளர். பெரியாற்று நீரும் கம்பத்தோடு நின்றுவிடவில்லை. வைகை வழியே சென்று மதுரையையும் மேலூரையும் வாழ்விக்கின்றது. அதனை நட்டம் என்போமா? எனினும், அவ்வினாவில் ஓர் உண்மையும் உண்டு. கல்வி தனித்து நின்று வளந்தாராது. கற்றவர்க்கேற்ற தொழிலும் வேண்டும். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியைப் போல, ஊரின் விளைவோடு கல்வியை இணைக்கும் நிலையங்கள் பெருகுதல் நன்று.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. தலைமடையில் நீர் பெருகியும் கடைமடை வறண்டிருப்பின் அணையாற் பயனென்னை? செல்வர் வீட்டுப் பிள்ளை அரசாங்கத்தின் உதவியின்றியும் கற்பான். வைகறையில் ஜீப்பேறி மலைமேலுள்ள ஏலத்தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாயின் மகளோ, பொதுப்பொருள் துணை நில்லாவிடின் எட்டாம் வகுப்போடு நின்று, தானும் அதே ஜீப்பில் ஏறுவாள். அவளைக் கற்பிக்கும்பொழுதே, முன் இல்லாத ஓர் ஆற்றல் நாட்டிற்குப் புதிதாய்க் கிட்டுகின்றது. ஆதலின், புதிய கட்டடங்களினும் முந்தவேண்டுவன சிற்றூர்ப் பள்ளிக்கு நல்லாசிரியரும், மாணவியர்க்கு விடுதியும், உரிய காலத்தில் வந்துசேரும் உதவித்தொகையுமேயாம். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்கு வேண்டும் என்று 1966இல் கோத்தாரி குழு கூறிற்று. அவ்வளவை இந்தியா இன்னும் எட்டவில்லை. எட்டும் நாளிலும், அப்பொருள் கடைமடைக்குப் பாயாவிடின் நாம் எதிர்நோக்கும் வளம் வாராது.

இக்கல்லூரியிற் பயிலும் நாமும் பிறர் இட்ட முதலாற் கற்பவரே. தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனின் உவமையை நாம் நன்கறிவோம். நாடு தன் பிள்ளைகளின் அறிவை அவ்வாறு புதைத்துவிடலாகாது. கற்ற நாமும் நம் கல்வியைப் புதைத்துவிடலாகாது.