காசு கொடுத்தும் பாட்டு சொந்தமில்லை!
பழைய ‘ராக்’ ரசிகர்களின் புலம்பல்

பாட்டு கேட்பது இன்று எளிது. கையில் செல்போன் இருந்தால் போதும். உலகத்துப் பாட்டெல்லாம் வந்து குவிகிறது.

ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கூட்டம் முணுமுணுக்கிறது. அவர்கள் ‘கிளாசிக் ராக்’ ரசிகர்கள். பலர் தாத்தா, பாட்டி ஆகிவிட்டவர்கள். “காசும் கொடுக்கிறோம், தொல்லையும் படுகிறோம்” என்பதே அவர்கள் புகார்.

‘ராக்’ என்றால் என்ன?

மின்சார கித்தார், டிரம், உரத்த குரல். இவை சேர்ந்ததே ராக் பாட்டு. 1950-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்து இளைஞர்களும் சேர்ந்துகொண்டு உலகையே ஆட்டி வைத்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டுகளைத்தான் இப்போது ‘கிளாசிக் ராக்’ என்கிறார்கள்.

அந்தப் பாட்டுகள் தனித்தனிப் பாட்டுகளாக மட்டும் வரவில்லை. முழு இசைத்தட்டாகவும் வந்தன. ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று யோசித்து அமைத்தார்கள். ‘பிங்க் பிளாய்டு’ என்ற ஆங்கிலக் கோஷ்டி 1973-ல் வெளியிட்ட ‘தி டார்க் சைடு ஆப் தி மூன்’ என்ற தட்டில் ஒரு பாட்டு முடிவதும் அடுத்த பாட்டு தொடங்குவதும் தெரியாது. கதாகாலட்சேபம் போல ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988-க்குள் அது 741 வாரம் இருந்தது!

அதையே இன்று இலவசமாகச் செல்போனில் கேட்டால் என்ன ஆகும்? நடுவில் விளம்பரம் வரும். இசை உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் வந்து சாமான் விற்பார்! விளம்பரம் வேண்டாம் என்றால் மாதச் சந்தா கட்ட வேண்டும். வியாபாரத்துக்கு அது சரிதான். பாட்டுக்கு அது சரியில்லை.

கேட்காமல் வந்த பரிசு

இன்னொரு வேடிக்கை 2014-ல் நடந்தது.

‘யூ-டூ’ என்பது அயர்லாந்து நாட்டின் புகழ் பெற்ற கோஷ்டி. 1976-ல் டப்ளின் நகரில் மாணவர்கள் தொடங்கியது. 2014 செப்டம்பர் 9-ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் விழா மேடையில் அவர்கள் தோன்றினார்கள். புதிய தட்டு வெளியாகிறது என்றார்கள். அதில் 11 பாட்டு. ஆப்பிளின் பாட்டுக்கடையில் கணக்கு வைத்திருக்கும் சுமார் 50 கோடி பேருக்கும் இலவசம்!

இலவசம் என்றால் மகிழ்ச்சிதானே? இல்லை. கூக்குரல் கிளம்பியது.

காரணம் இதுதான். “வேண்டுமா?” என்று யாரையும் கேட்கவில்லை. பாட்டுகள் தாமாகவே அவரவர் சேமிப்பில் போய் உட்கார்ந்துகொண்டன. பந்தியில் கேட்காமலே இலையில் வைத்த பதார்த்தம் போல! இலையிலாவது ஓரமாக ஒதுக்கி வைக்கலாம். இதை நீக்க வழியே தெரியாமல் மக்கள் விழித்தார்கள். “யார் இந்த யூ-டூ?” என்று கேட்ட சிறுவர்களும் உண்டு.

ஒரு வாரத்துக்குள் ஆப்பிள் கம்பெனி தனிப் பக்கம் ஒன்றைத் திறந்தது. பாட்டுகளை நீக்குவதற்கு மட்டுமே அந்தப் பக்கம்! அடுத்த மாதம் பாடகர் போனோ மன்னிப்புக் கேட்டார். அதற்குள் 2 கோடியே 60 லட்சம் பேர் முழுத் தட்டையும் இறக்கிக்கொண்டதாகக் கம்பெனி சொன்னது. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் 50 கோடிக்கு முன் அது எவ்வளவு?

பாட்டில் குற்றமில்லை. வாசல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததுதான் குற்றம்.

திடீரென்று மறைந்த பாட்டு

வேண்டாத பாட்டு வந்தது ஒரு தொல்லை. வேண்டிய பாட்டு மறைந்தது அதைவிடப் பெரிய தொல்லை.

நீல் யங், கனடாவில் பிறந்த பாடகர். 1972-ல் அவருடைய ‘ஹார்ட் ஆப் கோல்டு’ என்ற பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 2022 ஜனவரியில் அவர் ‘ஸ்பாட்டிபை’ கம்பெனியுடன் மோதினார். அந்தக் கம்பெனியில் ஜோ ரோகன் என்பவரின் பேச்சு நிகழ்ச்சி ஒலிபரப்பாகி வந்தது. அதன் மூலம் கொரோனா தடுப்பூசி பற்றித் தவறான செய்தி பரவுகிறது என்றார் யங். “அவர் இருந்தால் நான் இல்லை” என்பது போல நிபந்தனை போட்டார். (யங் சிறு வயதில் போலியோ நோயால் அவதிப்பட்டவர். தடுப்பூசி என்றால் அவருக்கு விளையாட்டு அல்ல.)

கம்பெனி ரோகனை வைத்துக்கொண்டது. ஜனவரி 26-ந் தேதி யங்கின் பாட்டுகளை எடுக்கத் தொடங்கியது. பாடகி ஜோனி மிட்செலும் தம் பாட்டுகளை விலக்கிக்கொண்டார்.

யங் செய்தது துணிச்சலான காரியம். ஆனால் ரசிகர் கதி? மாதா மாதம் சந்தா கட்டியவர், தாம் பார்த்துப் பார்த்துத் தொகுத்த பட்டியலில் அந்தப் பாட்டுகள் ஒலிக்காமல் போனதைக் கண்டார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவர், சுவரில் மாட்டிய படத்தை வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

‘வாங்கு’ என்று போடாதே!

சந்தா கட்டுவது வாடகைதான். அது தெரிந்த சங்கதி. ஆனால் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திக் காசு கொடுத்தவர் நிலை என்ன? பல கடைகளில் அதுவும் சொந்தமில்லை. கேட்க அனுமதி மட்டுமே!

இதைத்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கவனித்தது. 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. பாட்டு, சினிமா, புத்தகம், விளையாட்டு ஆகியவற்றை இணையத்தில் விற்கும் கடைக்காரர், வெறும் அனுமதியைக் கொடுத்துவிட்டு ‘வாங்கு’ என்று போடக் கூடாது. போட்டால், இது அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இறக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கொடுத்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சட்டம் பாட்டைக் காப்பாற்றாது. உண்மையைச் சொல்ல வைக்கும். அந்த அளவுக்கு நல்லதே.

சட்டத்துக்காகக் காத்திராமல் ரசிகர்கள் வேறு வழி கண்டுவிட்டார்கள். மறுபடியும் கறுப்பு இசைத்தட்டு வாங்குகிறார்கள்! 2022-ல் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் 4 கோடிக்கு மேல் விற்றன. சி.டி.யை எண்ணிக்கையில் முந்திவிட்டன. 1987-க்குப் பின் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. வாங்குவோரில் இளைஞர்களும் நிறைய. தட்டு கீறலாம், உடையலாம். ஆனால் அலமாரியிலிருந்து தானாக மறையாது.

நீல் யங் என்ன ஆனார்? 2024 மார்ச்சில் ஸ்பாட்டிபைக்கே திரும்பினார். கோபம் தணிந்ததால் அல்ல. அந்தப் பேச்சு நிகழ்ச்சி மற்றப் பெரிய கம்பெனிகளிலும் வரத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் விட்டு விலகினால் பாட்டைக் கேட்க ரசிகருக்கு இடமே இருக்காது என்றார். திரும்பும்போதும் ஸ்பாட்டிபையில் ஒலி மட்டமாக இருக்கிறது என்று குறை சொல்ல மறக்கவில்லை. அசல் தரத்தில் பாட்டு கொடுக்கும் வசதியை அந்தக் கம்பெனி 2025 செப்டம்பரில் கொண்டுவந்தது. சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும்!