சுவரும் ஆணியும் யார் கையில்?

எங்கள் பகுதியில் யாராவது இறந்துவிட்டால் முதலில் தேடுவது ஒரு போட்டோவை. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டுமே! பீரோ, டிரங்குப் பெட்டி என்று எல்லா இடமும் துழாவிவிட்டு, கடைசியில் வாக்காளர் அட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கட்டைவிரல் அளவு முகத்தை ஆறடிக்குப் பெரிதாக்கினால் கண் எது, மூக்கு எது என்று தெரியாமல் கட்டம் கட்டமாகச் சிதறிப்போகும். அறுபது வருடம் சேற்றில் நின்று உழைத்த மனிதருக்கு இருந்த ஒரே படம், அரசு தன் கணக்குக்காக எடுத்த படம்.

சமூகப்பணிக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான், "ஓவியம், அருங்காட்சியகம் எல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம், நமக்கு நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று ஆயிரம் வேலை இருக்கிறது" என்று தோழர்கள் சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. யாருடைய முகத்தைப் பொதுச்சுவரில் மாட்டுவது என்பதும் அதிகாரப் பங்கீடுதான். இந்தச் சண்டையை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நமக்கு முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டனில் இருக்கும் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் கதை நமக்கும் பாடம்.

1962-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய நிறுவனம் அது. ஸ்மித்சோனியன் அமைப்பின் கீழ் 1968-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அனுமதி இலவசம். நாட்டின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் பங்களித்தவர்களின் உருவப்படங்கள் அங்கே இருக்கும். ஆனால் தொடக்கத்தில் ஒரு விதி இருந்தது: புகைப்படங்களைச் சேகரிக்கக் கூடாது. 1976-ல்தான் அது மாறியது.

விதி கேட்பதற்கு நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் தைலவண்ண ஓவியம் வரையச் சொல்லி மணிக்கணக்கில் உட்கார யாருக்கு வசதி இருந்தது? தோட்ட முதலாளிக்கும் தளபதிக்கும் ஜனாதிபதிக்கும். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, விடுதலைப் போராளியான ஃப்ரெடரிக் டக்ளஸ் 19-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர். ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. கறுப்பு முகத்தைக் கேலிச்சித்திரமாகவே வரைந்த சமூகத்துக்குப் பதிலடியாக, நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிக்காமல், கேமராவை ஆயுதமாகப் பயன்படுத்தியவர் அவர். புகைப்படம் கூடாது என்ற விதி அந்த ஆயுதத்தையே வாசலில் நிறுத்திவைத்தது. யாரையும் பெயர் சொல்லி விலக்கத் தேவையில்லை. தகுதிக்கு ஒரு வரையறை வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?

கதவு தானாகத் திறக்கவில்லை. குடியுரிமைப் போராட்டங்கள் தெருவில் நடந்த பிறகுதான் சுவரிலும் மாற்றம் வந்தது. 2006 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்தக் காட்சியகம் உருவப்படப் போட்டி நடத்துகிறது. 2016-ல் அதில் முதல் பரிசு பெற்ற முதல் பெண், ஏமி ஷெரால்ட் என்ற கறுப்பின ஓவியர். 2018-ல் மிஷேல் ஒபாமாவின் படத்தை வரைந்தவரும் அவரே. அந்தப் படத்தின் முன்னால் இரண்டு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வாய் பிளந்து நின்ற காட்சியை உலகமே பார்த்தது.

அதே ஆண்டு அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. டைட்டஸ் காஃபர் வரைந்த ஓவியம் ஒன்றில் ஜெஃபர்சனின் படம் திரைச்சீலைபோல விலகியிருக்கும். பின்னால் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருப்பாள். கென் கொன்சாலெஸ்-டே பழைய கும்பல் கொலைப் படங்களிலிருந்து தொங்கவிடப்பட்டவரின் உடலை நீக்கிவிட்டார். மிஞ்சியது மரமும், வேடிக்கை பார்க்கும் கும்பலும்தான். நம் ஊர் வன்கொடுமைகளில் எப்போதும் நம் பிணத்தின் படம்தான் பரவுகிறது. கொன்றவனின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வியை ஒரு ஓவியர் அரசுக் கட்டடத்துக்குள்ளேயே கேட்டுவிட்டார்.

பள்ளி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்கள் நடத்தும் பயிற்சியும் கவனிக்க வேண்டியது. உருவப்படத்தைப் 'படிக்க'ச் சொல்லித் தருகிறார்கள்: எப்படி உட்கார்ந்திருக்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன, பின்னால் என்ன. நம் வாசிப்பு வட்டங்களிலும் இதைச் செய்யலாம். கூடவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: படத்துக்குள் யார் இல்லை?

இதையெல்லாம் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. 2025 மே மாதக் கடைசியில், பன்முகத்தன்மையை ஆதரிக்கிறார் என்று குற்றம் சாட்டி, காட்சியகத்தின் இயக்குநர் கிம் சாஜெட்டை நீக்கிவிட்டதாக டிரம்ப் அறிவித்தார். அந்த அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூனில் அவர் பதவி விலகினார். ஜூலையில் ஏமி ஷெரால்ட் அங்கே நடக்கவிருந்த தன் கண்காட்சியை ரத்து செய்தார். சுதந்திர தேவியாக ஒரு கறுப்பினத் திருநங்கையை அவர் வரைந்திருந்தார். அதை மாட்டுவதில் நிர்வாகம் தயங்கியதே காரணம். எந்தச் சுவர் அவரைக் கொண்டாடியதோ, அதே சுவர் ஏழே ஆண்டுகளில் அவருக்கு நிபந்தனை போட்டது.

இதுதான் நான் சொல்ல வந்தது. நம் முகம் சுவரில் இருப்பது மட்டும் போதாது. எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்று முடிவெடுக்கும் மேசையில் நாம் இல்லையென்றால், மாட்டிய ஆணி எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படும். 'சமூகப் பங்கேற்பு' என்று சொல்லி நம் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுற்றிக்காட்டி, பிஸ்கட் கொடுத்து அனுப்புவது பங்கேற்பு ஆகாது.

நம் கதையும் இதுதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதிலுள்ள படங்களில் பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. 1956-ல் மறைந்த அண்ணல் அம்பேத்கரின் படம் நாடாளுமன்ற மைய மண்டபத்துக்குள் போக 1990 வரை, அதாவது 34 ஆண்டுகள் ஆயின. அவர் எழுதிய அரசமைப்பின் கீழ்தான் அந்த மண்டபம் இயங்கியது! 2023 ஜூலையில், நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படங்கள் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளரின் சுற்றறிக்கை வந்தது. வழக்கறிஞர்கள் போராட்டத்தில் இறங்கிய பிறகுதான், அம்பேத்கர் படத்தை அகற்றும் உத்தரவு எதுவும் இல்லை என்ற விளக்கம் வந்தது.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, மேசையைக் கேட்பது. உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். எதை வைப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் யார் யார்? பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் எத்தனை பேர்? வரலாறு படிக்கும் தம்பி, தங்கைகளே, காப்பாட்சியர் வேலையையும் உங்கள் கனவுப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அவர்கள் தரும்வரை காத்திருக்காதது. கையில் போன் இருக்கிறது. உங்கள் தெருவில் பத்துப் பெரியவர்களிடம் போங்கள். சம்மதம் கேளுங்கள். எங்கே, எப்படி உட்கார வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். கீழே முழுப்பெயரும், செய்த வேலையும், கலந்துகொண்ட போராட்டமும் எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள், இன்னொன்றை அம்பேத்கர் படிப்பகத்தின் சுவரில் மாட்டுங்கள். வரும் ஏப்ரல் 14-க்குள் முடித்துவிடலாம்.

அடுத்த சாவுக்கு வாக்காளர் அட்டையைத் தேடக் கூடாது.

ஜெய்பீம்.